‘டூலோஸ்’: அடிமையை வேலைக்காரனாக்கிய ஒரு சொல்லின் வரலாறு

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி ஒரு கேள்வி கேட்டார். “வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னு பைபிளில் இருக்கே தோழர், அது சம்பளத்துக்கு வேலை செய்யுறவங்களுக்குச் சொன்னதா, இல்ல எங்க தாத்தா மாதிரி பண்ணையாளா இருந்தவங்களுக்குச் சொன்னதா?”

அவருடைய தாத்தா, வாங்கிய கடனுக்காக ஒரே மிராசு வீட்டில் ஆயுள் முழுக்க உழைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். எங்களில் யாருக்கும் அன்றைக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நம்மில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், பௌத்தர்கள் இருக்கிறார்கள், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இது எல்லோருக்குமான வரலாறு. ஏனென்றால் இது அடிமையைப் பற்றியது.

ஒரு சொல், மூன்று முகம்

தமிழ்நாட்டின் புராட்டஸ்டன்ட் சபைகளில் நீண்ட காலமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்வோம். ரோமர் நிருபத்தின் முதல் வரியில் பவுல் தன்னைக் கிறிஸ்துவின் ‘ஊழியக்காரன்’ என்கிறார். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் இயேசு எடுத்த ரூபம் ‘அடிமை’யின் ரூபம். எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லப்படுகிறவர்கள் ‘வேலைக்காரர்’.

தமிழில் இவை மூன்று வேறு ஆட்கள். ஊழியக்காரர் என்றால் இன்று மேடையில் மாலை வாங்குகிறவர். அடிமை என்றால் விலைக்கு வாங்கப்பட்டவர். வேலைக்காரர் என்றால் கூலிக்கு வேலை செய்பவர், பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போகக்கூடியவர். ஆனால் கிரேக்க மூலத்தில் மூன்று இடத்திலும் இருப்பது ஒரே சொல்: ‘டூலோஸ்’. புதிய ஏற்பாட்டில் 120க்கும் மேற்பட்ட இடங்களில் அது வருகிறது. அதன் நேரான பொருள் அடிமை.

“கிரேக்கத்தில் வேலைக்காரனுக்கும் அந்தச் சொல்தானே இருந்திருக்கும்?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. கூலிக்கு வேலை செய்பவருக்கு ‘மிஸ்தோட்டோஸ்’, ‘மிஸ்தியோஸ்’ என்ற சொற்கள் இருந்தன. கெட்டுப்போய்த் திரும்பி வரும் மகனின் கதையில், அப்பா வீட்டில் ஒரு கூலியாளாக இருந்தால் போதும் என்று அந்த மகன் நினைக்கும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். உழைப்பாளிக்கு ‘எர்காட்டேஸ்’ இருந்தது. பணிவிடை செய்பவருக்கு ‘டியாக்கோனோஸ்’ இருந்தது. இத்தனையும் இருக்கும்போது எபேசியர் நிருபத்தை எழுதியவர் டூலோஸ் என்று எழுதினார் என்றால், அவர் பேசியது அடிமைகளிடம்.

ஆக, அந்த மாணவிக்கான முதல் பதில் இது: அந்த வரி மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்டது அல்ல. விலைக்கு வாங்கி விற்கப்பட்ட மனிதருக்கு எழுதப்பட்டது. உங்கள் தாத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

டூலோஸ் யார்?

கிரேக்க, ரோமானிய உலகம் அடிமை உழைப்பின் மேல் நின்றது. அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்று வரையறுத்தார். ரோமானிய எழுத்தாளர் வார்ரோ, விவசாயம் பற்றிய தன் நூலில் பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பிரிக்கும் ஒரு முறையைக் குறிப்பிடுகிறார். வண்டி ஊமைக் கருவி, மாடு பாதி பேசும் கருவி, அடிமை பேசும் கருவி. மாட்டுக்கும் அடிமைக்கும் இடையே வித்தியாசம் நாக்கு மட்டும்தான்.

போரில் பிடிபட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள், அடிமைத் தாய்க்குப் பிறந்தவர்கள், குப்பைமேட்டில் போடப்பட்டு எடுத்து வளர்க்கப்பட்ட குழந்தைகள் என்று பல வழிகளில் அடிமைகள் வந்து சேர்ந்தார்கள். டேலோஸ் தீவின் சந்தையில் ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி விற்று அனுப்ப முடியும் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் மகா நகரத்தின் வணிகச் சரக்குப் பட்டியல் ஒன்று வருகிறது. பொன், வெள்ளி, தந்தம், கோதுமை, ஆடு மாடு, குதிரை, தேர் என்று போய், கடைசியில் ‘உடல்கள்’ என்று முடிகிறது. சந்தை மொழியில் அடிமைக்கு அதுதான் பெயர்.

இன்னொரு சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும். அடிமையைக் கூப்பிட கிரேக்கர்கள் ‘பாய்ஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பையன் என்று பொருள். அறுபது வயதானாலும் அடிமை பையன்தான். மத்தேயு நற்செய்தியில் நூற்றுக்கு அதிபதியின் நோயாளியைக் குறிப்பது இந்தச் சொல். அதே கதையை லூக்கா சொல்லும்போது டூலோஸ் என்கிறார். அமெரிக்காவில் கறுப்பின முதியவரை வெள்ளையர்கள் ‘பாய்’ என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் ஆதிக்க சாதிச் சிறுவன் சேரிப் பெரியவரை ‘வாடா போடா’ என்று கூப்பிட்டதையும் நாம் அறிவோம். மொழி மாறுகிறது, முறை மாறவில்லை.

அடிமைக்குரிய தண்டனை சிலுவை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் படை கி.மு. 71இல் முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6000 பேர் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் அறையப்பட்டார்கள். இந்தப் பின்னணியோடு பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தைப் படித்தால்தான் அதன் கனம் தெரியும். அடிமையின் உருவமும் சிலுவைச் சாவும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. அந்தக் காலத்து வாசகருக்கு இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. அடிமையாக வந்தவர் அடிமையின் சாவைச் செத்தார் என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. நல்வாய்ப்பாகத் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் அடிமை என்றே வைத்தது. ஆங்கிலத்தின் கிங் ஜேம்ஸ் பதிப்பு அங்கேகூட ‘சர்வென்ட்’ என்றுதான் போட்டது.

சொல் எப்படி மென்மையானது?

லத்தீன் பைபிளில் டூலோஸுக்கு ‘செர்வுஸ்’ என்று வந்தது. லத்தீனில் அதற்கு அடிமை என்றே பொருள். அந்த வேரிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் ‘சர்வென்ட்’. ஆனால் ஐரோப்பாவில் சமூகம் மாற மாற அந்தச் சொல் பணியாளைக் குறிக்கத் தொடங்கியது. உண்மையான அடிமையைக் குறிக்க ‘ஸ்லேவ்’ என்ற வேறு சொல் வந்தது. பிடித்து விற்கப்பட்ட ஸ்லாவிய மக்களின் பெயரே அப்படி அடிமைக்குப் பெயரானது.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் டூலோஸை ஓர் இடத்தில்கூட ‘ஸ்லேவ்’ என்று மொழிபெயர்க்கவில்லை. சில இடங்களில் கட்டுண்டவன் என்ற பொருளில் ‘பான்ட்’, ‘பான்ட்மேன்’ என்றது. மற்றபடி ‘சர்வென்ட்’. அதே நூற்றாண்டில் ஆங்கிலேயக் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்தன.

அமெரிக்காவில் நடந்த சண்டை

1807இல் லண்டனில் ஒரு விசித்திரமான பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று அதற்குப் பெயர். இன்று அதை ‘அடிமை பைபிள்’ என்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் சுமார் 90 விழுக்காடும் புதிய ஏற்பாட்டில் பாதியும் அதில் இல்லை. எகிப்தின் அடிமைகள் விடுதலையாகி வெளியேறும் கதை நீக்கப்பட்டது. கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரன் என்ற பிரிவு இல்லை என்று சொல்லும் கலாத்தியர் 3:28 நீக்கப்பட்டது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதி மட்டும் பத்திரமாக வைக்கப்பட்டது.

பவுல் எழுதிய மிகச் சிறிய கடிதம் பிலேமோனுக்கு எழுதியது. ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார் பவுல். இனி அவனை அடிமைக்கும் மேலாக, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். ஒநேசிமு என்றால் பயன்படுகிறவன். அடிமைகளுக்கு எஜமான்கள் வைத்த சாதாரணப் பெயர்களில் ஒன்று அது. மனிதனுக்குப் பெயர் வைக்கும்போதே அவன் எதற்கு என்று எழுதிவிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சூத்திரனுக்கு இழிவான பெயர் வை என்று மனுதர்மம் சொல்வதை நாம் படித்திருக்கிறோம்.

தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் 1850இல் அமெரிக்காவில் வந்தது. ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் புகழ்பெற்ற அறிஞர் மோசஸ் ஸ்டூவர்ட், பவுலே ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பினாரே என்று சொல்லி அதற்கு ஆதரவாக எழுதினார். எதிர்ப்பக்கம் ஆல்பர்ட் பார்ன்ஸ் போன்ற அடிமை ஒழிப்பாளர்கள், டூலோஸ் என்ற சொல் எப்போதும் அடிமையையே குறிப்பதில்லை என்று வாதாடினார்கள். இங்கே ஒரு முரணை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சொல்லின் பொருளில், அடிமை முறையை ஆதரித்தவர்கள்தான் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். ஒழிக்க நினைத்த நல்லவர்கள்தான் சொல்லை மென்மையாக்கினார்கள். புனித நூல் கறைபடக்கூடாது என்பது அவர்கள் கவலை. நூலைக் காப்பாற்றப் போய், அந்த நூலுக்குள் இருந்த அடிமைகளை அவர்கள் காணாமல் ஆக்கினார்கள்.

அடிமைகள் என்ன செய்தார்கள்? ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி கவுண்டியில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர் இருந்தார். அவரே பல அடிமைகளின் உரிமையாளர். 1833இல் அடிமைகளின் பெரிய கூட்டத்தில் அவர் பிலேமோன் நிருபத்தை எடுத்து, ஓடிப்போவது பாவம் என்று பிரசங்கித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நடந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர், அப்படி ஒரு நிருபமே பைபிளில் இல்லை என்றார்கள். சிலர் இது சுவிசேஷமே இல்லை என்றார்கள். இனி உன் பிரசங்கம் கேட்க வரமாட்டோம் என்றவர்களும் உண்டு. இதை நமக்கு எழுதி வைத்தவர் அந்தப் போதகரேதான்.

எழுதப் படிக்கத் தெரியாத மக்கள். கிரேக்கம் தெரியாது, அகராதி கிடையாது. சவுக்கு எந்த நேரமும் தங்கள் முதுகில் விழலாம் என்று தெரிந்தும், எஜமானின் முன்னால் எழுந்து நடந்தார்கள். பைபிள் விளக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்கிறோம் நாம்.

கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949இல் எழுதிய நூலில் தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அடிமையாகப் பிறந்த அவருக்குப் படிக்கத் தெரியாது. பேரன் பைபிளை வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் பவுலின் நிருபங்களை, அன்பைப் பற்றிய ஒரே ஓர் அதிகாரம் தவிர, வாசிக்க விடமாட்டார். காரணம் கேட்டபோது சொன்னார்: அடிமைக் காலத்தில் எஜமானின் போதகர் வந்து அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுலை வைத்தே பிரசங்கிப்பார். எப்போதாவது விடுதலை வந்து படிக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிக்க மாட்டேன் என்று அன்றே அவர் முடிவு செய்திருந்தார்.

எதிர்க்குரல் புதிதல்ல

‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று ஒரு சமாதானம் எப்போதும் வரும். அது உண்மையில்லை. 1 கொரிந்தியர் 7:21இல் அடிமைக்குப் பவுல் சொல்லும் ஆலோசனை கிரேக்கத்தில் பாதியில் நிற்கிறது. ‘அதைப் பயன்படுத்திக்கொள்’ என்கிறார். எதை? விடுதலையையா, அடிமை நிலையையா? நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தொம் அடிமை நிலையை என்றே பொருள் கொண்டார். விடுதலையை என்று சொல்பவர்களும் உண்டு என்று அவரே குறிப்பிடுகிறார். பதினாறாம் நூற்றாண்டில் லூத்தர் விடுதலையை என்று மொழிபெயர்த்தார். தமிழ் பழைய மொழிபெயர்ப்பும் விடுதலையின் பக்கமே நிற்கிறது.

அதே நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கங்ரா நகரில் ஆயர்கள் கூடினார்கள். பக்தியைக் காரணம் காட்டி, எஜமானை மதிக்காமல் வேலையை விட்டுப் போகும்படி அடிமைக்குக் கற்பிக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று தீர்மானம் போட்டார்கள். தடை போட வேண்டியிருந்தது என்றால், அப்படிக் கற்பித்தவர்களும் வெளியேறியவர்களும் இருந்தார்கள் என்றுதானே பொருள்? அதே பகுதியின் ஆயர் நிசாவின் கிரகோரி, மனிதனை விலை பேச எவனுக்கும் உரிமை இல்லை என்று பிரசங்க மேடையிலேயே எஜமான்களைக் கேட்டார். ஆக எதிர்க்குரல் அப்போதே இருந்தது. தோற்றது, அவ்வளவுதான்.

தமிழ் மண்ணில்

இனி நம் ஊருக்கு வருவோம். 1707 மே மாதம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ் எஜமான்களின் அடிமைகள். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. அதாவது, டூலோஸ் தமிழுக்கு வந்தபோது அதைக் கேட்ட முதல் காதுகளில் டூலோஸின் காதுகளும் இருந்தன. சில ஆண்டுகளில் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் பறையர்கள் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பறையர், பள்ளர் மக்கள் நிலத்தோடு சேர்த்தும், நிலமில்லாமலும் அடிமைகளாகக் கைமாறியதை 1819இன் மெட்ராஸ் வருவாய் வாரிய ஆவணங்கள் பேசுகின்றன. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை உடைமைக்கு நீதிமன்ற அங்கீகாரத்தை நிறுத்தியது. திருவிதாங்கூரில் 1855இல் பிரகடனம் வந்தது. அங்கே பணியாற்றிய மிஷனரி சாமுவேல் மட்டீர், புலையர் தன்னை ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

‘அடி’ என்ற அதே வேரிலிருந்து தமிழில் இரண்டு உலகம் பிறந்தது. கோயிலில் நின்று ‘அடியேன்’ என்று சொல்கிறவருக்கு அது பெருமை. அடியார் என்றால் கும்பிடத்தக்கவர். வயலில் நின்று ‘அடியன்’ என்று சொல்ல வைக்கப்பட்டவருக்கு அது விலங்கு. தானே குனிகிறவர் எப்போது வேண்டுமானாலும் நிமிரலாம். குனிய வைக்கப்பட்டவர் நிமிர்ந்தால் அடி விழும். பவுல் தன்னைக் கிறிஸ்துவின் டூலோஸ் என்றதற்கும், ஒநேசிமு டூலோஸாக இருந்ததற்கும் உள்ள தூரம் இதுதான்.

போவர் தலைமையிலான குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாக வந்தது. சபைகளில் நிலைத்தது அதுதான். அடிமை என்ற சொல் அந்தக் குழுவுக்குத் தெரியாததல்ல. பிலிப்பியரிலும் பிலேமோனிலும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் கீழ்ப்படியச் சொல்லும் இடங்களில் ‘வேலைக்காரர்’ வந்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவைப் பாருங்கள். அடிமைக்கு இட்ட கட்டளை அப்படியே கூலிக்காரர் தலையில் இறங்கியது. சட்டப்படி அடிமை முறை போன பிறகும் பண்ணையாள் அந்த வசனத்துக்குக் கீழே உட்கார வேண்டியிருந்தது. அதே டூலோஸ் போதகருக்கு வரும்போது ‘ஊழியக்காரர்’ என்ற பட்டமாகியது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எபேசியர் பகுதியில் அடிமைகள் என்றே திருத்திப் போட்டது. பவுலைப் பணியாளர் என்றது.

பெயரை மாற்றினால் போதுமா?

இது பைபிளோடு முடியும் விவகாரமல்ல. மலம் அள்ள வைக்கப்பட்டவருக்கு நம் கண்முன்னே எத்தனை பெயர் மாறிவிட்டது! இன்றைக்கு ‘தூய்மைப் பணியாளர்’. மரியாதையான சொல்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர் அவர்தான். ‘ஹரிஜன்’ என்று அழகான பெயர் வைத்தார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பெயரை மென்மையாக்குவது, வலிக்கிறவரை விட, பார்க்கிறவருக்குத்தான் ஆறுதல்.

மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் தன் நூலுக்கு ‘குலாம்கிரி’, அதாவது அடிமைத்தனம் என்றே பெயர் வைத்தார். கறுப்பின மக்களின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். நாமும் நமக்கு ‘தலித்’ என்று, உடைக்கப்பட்டவர் என்று பெயர் வைத்துக்கொண்டோம். உடைத்தது யார் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்காரர் என்ற சொல்லுக்குள் அந்தக் கேள்வி இல்லை.

அந்த மாணவிக்கு நாங்கள் சொன்ன முடிவான பதில் இதுதான். அந்த வரியில் இருப்பது அடிமை. அதை அடிமை என்றே வாசியுங்கள். அப்படி வாசித்தால், கீழ்ப்படி என்ற கட்டளை எவ்வளவு கொடியது என்பது தெரியும். அடிமையின் உருவில் வந்தவர் சிலுவையில் தொங்கினார் என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதும் தெரியும். ஒன்றை மறைத்தால் இரண்டும் மறையும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தாத்தாவின் பழைய பைபிளைக் கொண்டுவந்தார். எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் ‘வேலைக்காரரே’ என்பதன் பக்கத்தில் பென்சிலால் ‘அடிமை’ என்று எழுதியிருந்தார்.